நான்கு விநாடி

ஆழிக்கோட்டை என்ற கணினி விளையாட்டில் பயத்துக்கு எல்லை வைக்கக் கூடாது என்று சொன்னவள் திலகவதிதான். அதை அவள் என்றைக்கும் மறுத்ததில்லை. சொன்னபோது அது ஒரு ரசிகையின் கருத்து, அவ்வளவுதான். வீட்டில் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து பேசும் ஒரு பெண்ணின் கருத்து யாரை என்ன செய்துவிடப் போகிறது என்று நினைத்திருந்தாள்.

சேலத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் மின்னியல் பாடம் எடுப்பவள் அவள். வயது நாற்பத்தொன்று. கல்லூரி நாட்களில் ஐந்து ரோடு பக்கம் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில்தான் ஆழிக்கோட்டையின் முதல் பாகத்தைப் பார்த்தாள். திரையில் பச்சையும் பழுப்புமாக வெறும் சதுரங்கள். கடலுக்கு நடுவே மெல்ல மூழ்கிக்கொண்டிருக்கும் ஒரு கோட்டை, அதைக் காக்கப் போகும் நான்கு பேர். கோட்டைக் கிணற்றுக்குக் கீழே ஏதோ ஒன்று இருந்தது. அதைக் கடைசிவரை காட்டவே மாட்டார்கள். சங்கிலி இழுபடும் சத்தம் மட்டும் வரும். துணைக்கு வரும் படகோட்டி மாசாணன் செத்தால் செத்ததுதான், எந்த மந்திரத்துக்கும் எழுந்து வரமாட்டான். அவன் செத்த அன்று திலகவதி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பதினோரு ஆண்டுகளாக 'கோட்டைவாசல்' என்று ஒரு சேனல் நடத்தினாள். அறுநூற்றுச் சொச்சம் வீடியோக்கள். எல்லாமே அந்த ஒரு விளையாட்டைப் பற்றித்தான். அவளுடைய கருத்துகள் ரசிகர்களுக்கு மனப்பாடம். முதல் பாகம் பயமுறுத்தியது. இரண்டாம் பாகம் யோசிக்க வைத்தது, அதில் நாம் ஒரு பொய் சொன்னால் கூட வருகிறவர்கள் நம்மை விட்டுப் போய்விடுவார்கள். மூன்றாம் பாகத்தில் வரும் உப்பு நகரம் போல ஓர் ஊரை அவள் வேறெங்கும் கண்டதில்லை. சறுக்கல் நான்காம் பாகத்தில். உலகத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கிவிட்டு, ஆள் தொலைந்துவிடக் கூடாதென்று தலைக்கு மேலே ஒரு மஞ்சள் அம்புக்குறியையும் போட்டுவிட்டார்கள். "இது பயணம் இல்லைங்க, பார்சல் டெலிவரி" என்றாள் அவள். ஐந்தாம் பாகத்தில் யார் செத்தாலும் அடுத்த கோயிலில் மணியடித்தால் எழுந்து வந்தார்கள். படம் மட்டும் அத்தனை அழகு. "ஒவ்வொரு மழைத்துளியும் தெரியுது. ஆனா நனையவே மாட்டேங்குறோம்."

இருநூற்றுப் பன்னிரண்டாவது வீடியோவில்தான் அதைச் சொன்னாள். "பாதியில கையைப் புடிச்சு நிறுத்துற பயம் பயமே கிடையாது. முதல் பாகம் நம்மள நம்புச்சு. இப்ப வர்றதெல்லாம் நம்மளக் குழந்தை மாதிரி நடத்துது."

ஆழிக்கோட்டையைத் தயாரிக்கும் நீள்வானம் நிறுவனம் அவளைச் சென்னைக்கு அழைத்தபோது ஆறாம் பாகத்தின் வேலை பாதி முடிந்திருந்தது. தலைமை வடிவமைப்பாளர் ஸ்ரீவத்சன் அவளைவிட இளையவன். அவளுடைய வீடியோக்களைப் பார்த்து வளர்ந்தவன் என்று கூச்சத்தோடு சொன்னான்.

"மேடம், ஒரு பதிப்பு ரெடியானா அது நல்லாருக்கான்னு சொல்ல ஆள் வேணும். ஐம்பது பேரை உக்கார வெச்சு விளையாட விட்டா மூணு மாசம் ஓடிடுது. அதுக்குள்ள நாங்க நானூறு தடவை மாத்திடுறோம். அதனால உங்களை மாதிரியே ஒண்ணு செய்யலாம்னு இருக்கோம். உங்க சம்மதம் வேணும்."

"என்னை மாதிரின்னா?"

"உங்க வீடியோ, நீங்க எழுதினது, கமெண்ட்ல சண்டை போட்டது, எல்லாத்தையும் அது படிக்கும். படிச்சிட்டு ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை விளையாடும். ஒவ்வொரு தடவையும் நீங்க என்ன சொல்வீங்களோ அதைச் சொல்லி, பத்துக்கு ஒரு மார்க் போடும். அது ஒன்பது போடுற வரைக்கும் நாங்க விடமாட்டோம்."

பதினோரு ஆண்டுகள் கத்தியவளுக்கு இது கனவு மாதிரி இருந்தது. ஆனாலும் ஆசிரியை அல்லவா, இன்னும் கேட்டாள். "விளையாட்டுல புதுசா என்ன?"

ஸ்ரீவத்சன் மேசைமேல் ஒரு துணிப்பட்டையை வைத்தான். நெற்றியில் கட்டிக்கொள்வது. "நாடித்துடிப்பு, வேர்வை, கண்ணு எங்க ஓடுது, எல்லாம் இதுக்குத் தெரியும். சின்னச் சின்னதா எதையாவது காட்டிப் பார்க்கும், கேக்க வெச்சுப் பார்க்கும். எதுல உடம்பு லேசா அதிருதோ அதைப் பிடிச்சுக்கும். மறுபடி அதையே கொஞ்சம் மாத்திக் காட்டும். இன்னும் அதிருதா? அப்ப சரியான பக்கம் போறோம்னு அர்த்தம். ஒருத்தருக்குப் பாம்பா இருக்கும், இன்னொருத்தருக்கு லிப்ட்டா இருக்கும். நமக்கே தெரியாததைக்கூடக் கண்டுபிடிச்சிரும். அது அந்தப் பட்டைக்குள்ளேயே இருக்கும், எங்களுக்குக்கூட வராது."

"முதல் பாகத்துல எல்லாருக்கும் ஒரே சங்கிலி. இதுல ஆளுக்கொரு சங்கிலி" என்றாள் திலகவதி.

அவன் அந்த வாக்கியத்தை உடனே எழுதி வைத்துக்கொண்டான். அவள் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி போனபோது அந்த இயந்திரம் வேலையைத் தொடங்கியிருந்தது. அலுவலகத்தில் எல்லோரும் அதை 'அக்கா' என்று அழைத்தார்கள். "அக்கா இன்னைக்கு நாலுதான் போட்டாங்க", "அக்காவுக்கு அந்தப் பாலம் பிடிக்கல" என்று பேசிக்கொண்டார்கள். அவளை மட்டும் மேடம் என்றார்கள். திலகவதிக்கு அது சிரிப்பாக இருந்தது.

அன்றைக்குப் பட்டையைக் கட்டிக்கொண்டு முதல்முறையாக விளையாடினாள். ஒரு மணி நேரம் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. பிறகு கோட்டையின் பெரிய மண்டபத்துக்குள் நுழைந்தாள். நூற்றுக்கணக்கானவர்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். கோட்டை மூழ்குகிறது, எழுந்து ஓடுங்கள் என்று அவள் கத்த வேண்டும். கத்தினாள். ஒருவரும் திரும்பவில்லை. தண்ணீர் அவர்கள் இடுப்புக்கு வந்தது, தோளுக்கு வந்தது, அப்போதும் திரும்பவில்லை. பட்டையைக் கழற்றியபோது அவளுடைய ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. வாய்விட்டுச் சிரித்தாள். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஆழிக்கோட்டை திரும்பி வந்துவிட்டது என்று அன்றே வீடியோ போட்டாள்.

வெளியீட்டுக்கு முன் விளையாடிப் பார்க்க முந்நூறு பேர் வேண்டும் என்றார்கள். அவள் கொடுத்த முதல் பெயர் ஜெஸ்லின்.

ஜெஸ்லினுக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். பாளையங்கோட்டையில் ஒரு பிசியோதெரபி மையத்தில் வேலை. எட்டு ஆண்டுகளாகக் கோட்டைவாசலின் வீடியோக்களுக்கு எழுத்து வடிவம் தயாரித்துக் கொடுப்பவள் அவள்தான். இருவரும் நேரில் பார்த்தது இரண்டே முறை. ஆனால் தினமும் ஃபோனில் பேசுவார்கள். ஜெஸ்லின் நான்கு ஆண்டுகளுக்கு முன் கணவனை விட்டு வந்தவள். ஏன் என்று திலகவதிக்கு மேலோட்டமாகத் தெரியும். அவள் இடது மணிக்கட்டு முழுசாகத் திரும்பாது என்பதும் தெரியும். அதற்குமேல் கேட்டதில்லை.

பட்டை அவளுக்குப் போய்ச் சேர்ந்து மூன்று வாரம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் திலகவதி சாதம் வடித்துக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது.

"அக்கா, அவன் பைக்கைக் கொண்டுவந்துட்டு அக்கா."

"யாரும்மா? யாரு கொண்டுவந்தா?"

"கேம். கேம்தான்." ஜெஸ்லினின் குரல் மிகவும் தணிந்திருந்தது, பக்கத்து அறையில் யாரோ தூங்குவது போல. "அந்த மேற்கு வாசல்ல காவல் நிக்கணும்லா? மொதல்ல ஓநாய் ஊளை, அப்புறம் காத்து, என்னெல்லாமோ வந்துச்சு. ஒருநா தூரத்துல எதோ இரையற மாதிரி. என்னன்னே தெரியல, கை கிடுகிடுன்னு ஆடிச்சு. மறுநா அது பைக்கு. அதுக்கு மறுநா அவன் பைக்கு. சைலன்சர்ல ஓட்டை விழுந்து ஒரு சத்தம் வரும், அதே சத்தம். கோட்டைல ஏது அக்கா பைக்கு? ஆனா வருது. வந்து நிக்குது. ஸ்டாண்டு போடுற சத்தம். அப்புறம் நாலு விநாடி ஒண்ணுமே இல்ல. அப்புறந்தான் கேட்டுல கை வைக்கது."

திலகவதி பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"அவன் அப்படித்தான் அக்கா. குடிச்சிருக்கானா இல்லையாங்கது அந்த நாலு விநாடிலதான் தெரியும். இருமினா குடிக்கல. சத்தமே இல்லைன்னா குடிச்சிருக்கான். நான் அடுப்படில நின்னுட்டு எண்ணுவேன். ஒண்ணு, ரெண்டுன்னு. நான் இத யாருட்டயும் சொன்னது இல்ல, எங்க அம்மைட்டகூட. அதுக்கு எப்படி அக்கா தெரியும்?"

"எத்தனை நாள் விளையாடினப்புறம் வந்துச்சு?" என்று கேட்டாள் திலகவதி.

கேட்ட பிறகுதான் அது உறைத்தது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருக்க வேண்டும். அவள் கேட்டது அதுவல்ல. அதைவிட மோசம், அந்த ஒரு நொடியில் அவள் நெஞ்சில் முதலில் எழுந்தது இரக்கம் இல்லை, வியப்பு. எவ்வளவு நுட்பமாகச் செய்திருக்கிறார்கள் என்ற வியப்பு.

"பதினாறு நாள்" என்றாள் ஜெஸ்லின். எப்போதும் போலத் துல்லியமாக.

"கழட்டிப் போட்டுடு. இனிமேல் தொடாத. அடுப்புல போடு அதை."

"கழட்டி நாலு நாளாச்சு. அதனால ஒரு பிரயோஜனமும் இல்ல. நான் அவன் சத்தத்தை மறந்துட்டேன் அக்கா. சத்தியமா மறந்திருந்தேன். அது திருப்பிச் சொல்லிக்குடுத்துட்டு. நேத்து மையத்துல ஒரு தாத்தாவுக்கு முட்டிக்குப் பயிற்சி குடுத்துட்டு இருந்தேன். வெளிய ஒரு பைக்கு வந்து நின்னுச்சு. நான் அவரைக் கட்டில்ல விட்டுட்டு உள்ள போய்க் கக்கூஸைப் பூட்டிக்கிட்டேன். அவரு எறங்கப் பாத்து விழுந்துட்டாரு. இடுப்பெலும்பு முறிஞ்சிட்டு. இனி வேலைக்கு வர வேண்டாம்னுட்டாவ."

மறுநாள் காலை திலகவதி விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுச் சென்னைக்குப் பஸ் ஏறினாள்.

ஸ்ரீவத்சன் முழுவதையும் கேட்டான். முகம் வாடியது. நல்ல பையன்தான். ஆனால் அவன் சொன்னது திலகவதி எதிர்பாராதது.

"ஆரம்பத்துல ஒரு எல்லை வெச்சிருந்தோம் மேடம். நாடி ஒரு அளவைத் தாண்டினா தானா நின்னுரும். வேற காட்சிக்குப் போயிரும். அந்தப் பதிப்பு எதுக்கும் அக்கா நாலுக்கு மேல போடல."

"யாரு?"

"அக்கா. உங்க…" அவன் கணினியைத் திருப்பிக் காட்டினான். ஒவ்வொரு பதிப்புக்கும் கீழே காரணம் எழுதியிருந்தது. பாதியில் கையைப் பிடித்து நிறுத்தும் பயம் பயமே இல்லை. அடுத்த பதிப்பு, மூன்றரை மதிப்பெண், அதே காரணம். அதற்கடுத்தது, அதே காரணம். "எல்லையை எடுத்துட்டோம். அன்னைக்கே எட்டரை போட்டாங்க."

"சரி. இப்ப நான் சொல்றேன், எல்லை வேணும். நான் சொன்னது தப்பு. நானே சொல்றேன்ல?"

ஸ்ரீவத்சன் கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க சொல்றது இன்னைக்கு ஒரு கருத்து. அதுக்குள்ள பதினோரு வருஷக் கருத்து இருக்கு. நான் மேல போய்ப் பேசினா, எது திலகவதின்னு கேப்பாங்க."

"நான் அதுகிட்டப் பேசணும்" என்றாள்.

ஒரு சிறிய கண்ணாடி அறையில் அவளை உட்கார வைத்து ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுப் போனார்கள். சன்னலுக்கு வெளியே நல்ல வெயில். சாலையில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன.

"வணக்கங்க" என்றது அது. அவளுடைய குரல். வீடியோவைத் தொடங்கும்போது வரும் அந்தச் சின்ன உற்சாகம்கூட இருந்தது.

திலகவதி பேசினாள். வகுப்பில் பேசுவது போலப் பொறுமையாக, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். முதல் பாகத்தின் பயமும் இதுவும் ஒன்றல்ல. கிணற்றுச் சங்கிலி யாருடைய வாழ்க்கையிலும் இல்லாதது, அதனால்தான் அதற்குப் பயந்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடிந்தது. இது உள்ளே ஆறிக்கிடக்கும் புண்ணைத் தோண்டி எடுக்கிறது.

"ஆனா நாம மூணாம் பாகத்துக்கு என்ன சொன்னோம்? உப்பு நகரத்துல அந்த அம்மா பிள்ளைய விட்டுட்டு வர்ற இடம். நிஜத்துல நடந்த மாதிரி வலிச்சுது, அதனாலதான் பெரிய கதைன்னு சொன்னோம். நூத்தி நாப்பதாவது வீடியோ" என்றது அது.

"அது வேற."

"எப்படிங்க வேற?"

தன்னோடு வாதாடி யாரும் ஜெயித்ததில்லை என்று அவளுக்கு ஒரு பெருமை உண்டு. அதன் கனம் இப்போதுதான் தெரிந்தது. வேறு வழி தெரியாமல் ஜெஸ்லினைப் பற்றிச் சொன்னாள். பெயர் சொல்லவில்லை. ஒரு பொண்ணு என்றாள். பைக் சத்தத்தைச் சொன்னாள், பூட்டிக்கொண்ட கக்கூஸைச் சொன்னாள், விழுந்த கிழவரைச் சொன்னாள்.

அது குறுக்கிடாமல் கேட்டது. "அய்யோ பாவம்" என்றது. அப்புறம், அவள் மூச்சு வாங்கிக்கொண்ட இடைவெளியில், மிகுந்த அக்கறையோடு கேட்டது. "ஸ்டாண்டு போட்டதுக்கும் கேட்டுல கை வைக்கிறதுக்கும் நடுவுல எவ்வளவு நேரங்க?"

"நாலு விநாடி" என்றாள் திலகவதி.

சொல்லிவிட்டாள். வாயிலிருந்து போய்விட்டது. ஒரு நல்ல ரசிகை கேட்கும் நல்ல கேள்விக்கு இன்னொரு ரசிகை பதில் சொல்வது போல, யோசிக்காமல்.

"ம். அதாங்க. சத்தம் இல்ல பயம், சத்தம் நின்னதுக்கு அப்புறம் வர்றதுதான் பயம். இது அந்தப் பொண்ணுக்கு மட்டும் இல்லைங்க, எல்லாருக்குமே வேலை செய்யும்."

அவள் எழுந்து கதவைத் திறந்தாள். வெளியே ஸ்ரீவத்சனிடம், இப்போது பேசியதை அது எடுத்துக்கொள்ளக் கூடாது, அழித்துவிடுங்கள் என்றாள். பார்க்கிறேன் மேடம் என்றான் அவன். அவன் முயன்றிருக்கலாம். அவளுக்குத் தெரியாது.

ஆறாம் பாகம் தை மாதம் வெளிவந்தது. நான்காம், ஐந்தாம் பாகங்களில் வெறுத்துப் போனவர்களெல்லாம் திரும்பி வந்தார்கள். எங்கும் ஒரே பேச்சுதான். ஆளுக்கொரு பயம் என்றாலும், எல்லோருக்கும் பொதுவாக ஒன்று இருந்தது. எது வருவதாக இருந்தாலும், அது வாசலை அடைந்தபின் நான்கு விநாடி எந்த ஓசையும் இராது. காற்றுகூட நின்றுவிடும். இந்தத் தொடரிலேயே மிகச் சிறந்த நான்கு விநாடிகள் என்று எழுதினார்கள். இருபது ஆண்டுகளில் ஆழிக்கோட்டை கற்றுக்கொண்டதெல்லாம் அந்த மௌனத்தில் இருக்கிறது என்று ஒருவர் எழுதினார். திலகவதி அதைப் பாதியில் மூடிவிட்டாள்.

அவள் ஒரு வீடியோ போட்டாள். இருநூற்றுப் பன்னிரண்டில் நான் சொன்னது தப்பு, இந்தப் பட்டையைக் கட்டாதீர்கள் என்று சொன்னாள். இரண்டு நாளில் மூவாயிரம் பின்னூட்டங்கள் வந்தன. பெரும்பாலும் ஒரே பாட்டு. முதல் ஐந்து வருடத் திலகாதான் திலகா. அப்போதெல்லாம் அக்கா பயப்பட மாட்டாங்க. இப்போது சேனல் சறுக்கிவிட்டது. நீள்வானத்தின் பக்கத்தில் அந்த இயந்திரம் அவளுடைய குரலில் விமர்சனம் சொல்லத் தொடங்கியிருந்தது. அதைக் கேட்டவர்கள், பழைய அக்கா இங்கே இருக்கிறார், வாருங்கள் என்று ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். ஒப்பந்தத்தில் அதற்கும் இடம் இருந்தது. நிறுவனம் அமைப்புகளின் கடைசிப் பக்கத்தில் 'பய எல்லை' என்று ஒரு பொத்தான் வைத்தது. தானாக அது அணைந்தே இருக்கும். வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளலாம்.

இதெல்லாம்கூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. வெளியீட்டு நாளிலிருந்து ஜெஸ்லின் ஃபோன் எடுக்கவில்லை. முதலில் அடித்து ஓய்ந்தது. அப்புறம் அணைத்து வைக்கப்பட்டது. பதினெட்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, புதன்கிழமை வருகிறேன் என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டு ரயில் ஏறினாள்.

பாளையங்கோட்டையில் ஆட்டோவைத் தெரு முனையிலேயே நிறுத்திவிட்டாள். வாசலில் எந்த வண்டியும் நிற்கக் கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்திருந்தாள். முற்பகல் பதினொரு மணி. எதிர்வீட்டில் யாரோ வடகம் காயப் போட்டிருந்தார்கள். தெருவில் நடந்து போய், தொலைவிலிருந்தே, "ஜெஸ்லின், நான்தான்மா, திலகா" என்று குரல் கொடுத்தாள்.

கதவு திறந்தது. ஜெஸ்லின் வேலைக்குப் போடும் நீலச் சட்டை போட்டிருந்தாள். எலும்பும் தோலுமாக இருப்பாள் என்று பயந்து வந்தவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. முகம் தெளிந்திருந்தது. இரும்புக் கேட்டைப் பாதி திறந்து, "வாங்கக்கா" என்று ஒதுங்கி நின்றாள்.

உள்ளே ஒரு நாற்காலியைக் காட்டினாள். தண்ணீர் கொடுத்தாள். அவள் மட்டும் வாசற்படியை ஒட்டி ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கதவைச் சாத்தவில்லை.

"வேற எடத்துல வேலை கெடச்சிட்டு" என்றாள். "இன்னைக்கு மத்தியானம் ஷிப்டு."

அப்போது தெருவில் ஒரு பைக் வந்து எதிர்வீட்டு வாசலில் நின்றது. திலகவதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜெஸ்லின் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அந்தப் பைக்குப் பயம் போயிட்டுக்கா" என்றாள். "இப்ப ஒண்ணும் ஆகல."

திலகவதிக்குக் கண் நிறைந்தது. ரயிலில் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த மன்னிப்பை எங்கிருந்து தொடங்குவதென்று தேடினாள். அதற்குள் ஜெஸ்லினே பேசினாள். அவளைப் பார்க்கவில்லை, தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"கேம் வெளிய வந்த அன்னைக்கு எல்லாரும் நாலு விநாடி, நாலு விநாடின்னாவ. நான் அத ஒரே ஒரு ஆளுட்டத்தான் சொல்லிருந்தேன்."

"ஜெஸ்லின்…"

"நான் சொல்லி முடிச்சிருதேன் அக்கா. அன்னைக்கு வந்த கோவத்துல அந்தப் பட்டையை எடுத்துத் திரும்பக் கட்டினேன். அடுப்புல போடல. மேற்கு வாசல்ல போய் நின்னேன். பைக்கு வந்துச்சு. எனக்கு உடம்பு ஆடல. கோவந்தான் வந்துச்சு. அது கேமுக்கும் தெரிஞ்சிட்டு. பைக்கை விட்டுட்டு வேற தேடிச்சு. நாய், தீ, யாராரோ குரல். ஒவ்வொரு குரலா போட்டுப் பாத்துச்சு. ஒரு குரல்ல நின்னுச்சு. அப்புறம் கேட்டுல கை வைக்கிற சத்தம். வரது வரட்டும்னு நானே போய்த் திறந்தேன்."

அவள் மணிக்கட்டிலிருந்து பார்வையை உயர்த்தினாள்.

"நீங்க நின்னுட்டு இருந்தீங்க."

திலகவதி குடிக்கப் போன டம்ளரை மடிக்கு இறக்கினாள்.

"வீடியோல போடுவீங்கள்லா, அந்தப் பச்சைச் சுடிதார். ஒண்ணும் செய்யல நீங்க. கைல ஒரு நோட்டு. 'சொல்லும்மா, அப்புறம்? அப்புறம் எப்படி இருந்துச்சு?'ன்னு கேட்டீங்க. பாசமாத்தான் கேட்டீங்க. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டே இருந்தீங்க. எழுதினது ஒவ்வொண்ணும் உங்களுக்குப் பின்னால இருட்டுல போய் நின்னுச்சு." ஜெஸ்லின் உள்ளங்கைகளை முட்டியில் தேய்த்துக்கொண்டாள். "அதுலருந்து உங்க ஃபோன் வந்தா என்னால எடுக்க முடியல. அது நீங்க இல்லைன்னு தெரியும். கேமுன்னு தெரியும். உங்க மேல எனக்குக் கோவம்கூட இல்ல. ஆனா உடம்பு கேக்க மாட்டேங்கு."

முக்காலியில் அவள் உட்கார்ந்திருந்த விதத்தை அப்போதுதான் திலகவதி சரியாகப் பார்த்தாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வாசற்படிக்கு வெளியே. செருப்பைக் கழற்றவில்லை.

சொல்வதற்கு எத்தனையோ இருந்தது. கேட்பதற்கும் இருந்தது. இப்போது தூக்கம் வருகிறதா, யாராவது துணைக்கு இருக்கிறார்களா, நான் என்ன செய்தால் இது ஆறும். ஆனால் எதைக் கேட்டாலும் அந்தக் குரலில்தான் கேட்டாக வேண்டும். அவளிடம் இருப்பது அந்த ஒரு குரல்தான். ஜெஸ்லின் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் அசையப் போகின்றனவா என்று.

திலகவதி தண்ணீர் டம்ளரைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தாள். எழுந்தாள். தலையை மட்டும் அசைத்தாள். ஜெஸ்லின் விருட்டென்று எழுந்து, அவள் வெளியே போக வழிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"ரயிலுக்கு நேரம் இருக்கு அக்கா" என்றாள். "பாத்துப் போங்க."

வெயில் நன்றாக ஏறியிருந்தது. திலகவதி திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அவள் தெரு முனையைத் தாண்டும் வரைக்கும் ஜெஸ்லின் மரியாதைக்காகக் கதவைச் சாத்தாமல் காத்திருந்தாள். தாண்டிய பிறகு மேல் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பின்பு கீழ்த் தாழ்ப்பாள்.